பொத்தானை விடுங்க, மாப்ள!

எதிரில் ஒரு ஆள் கிடைத்துவிட்டால் எனக்குப் பேச்சை நிறுத்தத் தெரியாது. பட்டுப் புடவைக் கடை விற்பனையாளனுக்கு அது தகுதி. முகம் தெரியாதவர்களோடு பொழுதுபோக்காகப் பேசும் ஹாம் ரேடியோவில் அதுதான் வியாதி என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

போன வருஷம் எங்கள் ஹாம் கிளப், காஞ்சிப் பட்டின் பெருமையைச் சொல்ல ஒரு சிறப்பு நிலையம் அமைத்தது. மொட்டை மாடியில் ஆன்டெனா, கீழே ரேடியோ, இரண்டு நாளுக்கு மட்டும் தனி அழைப்புக் குறி (நிலையத்தின் பெயர் மாதிரி). இப்படி ஒரு நிலையம் வந்தால், அதைப் பிடிக்க உலகமெங்கும் ஹாம்கள் முண்டியடிப்பார்கள். அவர்கள் குரல் எப்படிக் கேட்கிறது என்று சொல்லி, நன்றி சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மைக்கில் உட்கார எனக்கு அதுதான் முதல் வாய்ப்பு. சும்மா இருப்பேனா? தென்னேரியிலிருந்து மாமனாரை வரவழைத்துவிட்டேன். “ஞாயித்துக்கெழமையானா மாப்ள கம்பியப் புடிச்சிக்கினு மாடியில நிக்கிறாரு” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவர் அவர். அன்றைக்கு அவர் வாயை அடைத்தே தீருவது என்று இருந்தேன்.

அழைத்ததும் சந்தைக்கடை மாதிரி குரல்கள்.

“இவ்ளோ பேரும் உங்களத்தான் கூப்புடுறாங்களா?” மாமனார் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்.

“பின்ன?” (காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.)

முதலில் சிக்கியவர் ஒரு இத்தாலிக்காரர். போகிற போக்கில், காஞ்சிப் பட்டில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்டுத் தொலைத்தார். என்னிடம் கேட்கலாமா அதை?

பொத்தானை அழுத்தினேன். அழுத்தியிருக்கும் வரை நாம் பேசலாம்; எதிராளி குரல் நமக்குக் கேட்காது. ஜரிகையில் ஆரம்பித்து, பார்டரை எப்படிக் கோர்க்கிறார்கள், முகூர்த்தத்துக்கு எந்தக் கலர் என்று போய்க்கொண்டே இருந்தேன். முந்தானையைக் கையால் விரித்துக்கூடக் காட்டினேன் (ரேடியோவில்!). கிளப் தலைவர் பாஸ்கர் சார் இரண்டு விரலைக் கத்தரிபோல் ஆட்டினார். ரவிக்கைத் துணியை விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று அதையும் சேர்த்துச் சொன்னேன்.

பொத்தானை விட்டால் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் மட்டும்தான். கூட்டம் மொத்தமும் கலைந்துவிட்டது.

“யோவ், இது கடையாய்யா?” என்று பாஸ்கர் சார் தலையில் கைவைத்தார்.

“இன்னா மாப்ள, ஒருத்தரையும் காணோம்?” என்றார் மாமனார்.

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போல. “அட, இன்னொரு தபா கூப்புடுங்க. வராம எங்க போவாங்க?”

கூப்பிட்டேன். அதே இத்தாலிக்காரர்! மனுஷன் போகவே இல்லை. மனைவியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார். அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்: புடவையை வீட்டில் துவைக்கலாமா? (இத்தாலியிலும் இதே கேள்விதான்!)

“கூடாது” என்று சொல்லிப் பொத்தானை விட்டேன். என் வாழ்க்கையிலேயே நான் பேசிய மிகச் சின்னப் பேச்சு அது.

மெல்ல மெல்லக் கூட்டம் திரும்பியது. சாயங்காலம் வரை பேச்சு என்னுடையது, பொத்தானில் விரல் பாஸ்கர் சாருடையது. ஆனாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், நான் வாயைத் திறந்தால் போதும், “பொத்தான வுடுங்க மாப்ள, அந்தப் பக்கம் ஆள் இருக்குதான்னு பாப்போம்” என்பார் மாமனார். என் மனைவியும் பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

போன மாதம் தென்னேரி போயிருந்தேன். டீக்கடையில் மாமனார் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார். “ஒலகமே எங்க மாப்ளைக்காக லைன் கட்டி நின்னுக்கினு இருந்துச்சுபா! இத்தாலிக்காரன் பொண்டாட்டியே வந்து குந்திக்கினு கேட்டாளாம்...” பெஞ்சில் இருந்தவர்கள் எப்போதோ எழுந்து போயிருந்தார்கள். டீ போடுகிறவர் மட்டும், வேறு வழியில்லாமல், கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் பின்னாலேயே நின்று, கண் கலங்க, முழுசையும் கேட்டேன். அப்புறம்தான் தோளைத் தொட்டு, “பொத்தான வுடுங்க மாமா” என்றேன்.