ஆறு வயது என்று போட்டது யார்?

கோபம் வந்தால், யார் மேல் வந்திருக்கிறது என்று ஒரு தடவை விசாரித்துவிட்டுக் கத்துவது நல்லது. நான் விசாரிக்கவில்லை. அதனால்தான் திருத்தங்கலில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில், ஐந்து வருடம் ஆகியும், புதிதாகச் சேருகிற ஆளுக்கு மெஷினைக் காட்டுவதற்கு முன்னால் என் கதையைச் சொல்லிவிடுகிறார்கள்.

நான் அங்கே கம்ப்யூட்டரில் புத்தக அட்டை போடுகிறவள். காலேஜில் படித்து வந்த வேலை இல்லை. பக்கத்து நாற்காலிக்காரி செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். எங்களுக்கு ஒரே மகள், எஸ்தர்.

எஸ்தர் நாலரை வயதிலேயே எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். பஸ் போர்டு, எண்ணெய் பாட்டில், மளிகைச் சாமான் சுற்றிவந்த பேப்பர், எதையும் விடமாட்டாள். நான் தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். (என் வாய் அப்படி.) ஆனால் படித்ததையெல்லாம் மனசுக்குள் இறக்கிக்கொள்கிற பிள்ளை அவள். ஒரு கிறிஸ்துமஸுக்குப் பட்டாசுப் பெட்டியில் 'பெரியவர்கள் துணையோடு வெடிக்கவும். பற்றவைத்ததும் விலகி நிற்கவும்' என்று வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"எல்லாரும் வெலகிப் போயிட்டா அது ஒத்தையில என்னம்மா செய்யும்?"

"வெடிக்கும்" என்றார் அவங்க அப்பா. அன்றைக்கு இரண்டு பேரையும் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது, ஏனென்றால் அவரை நான் பேசிய பேச்சு அப்படி.

அவளுக்கு ஆறு வயது முடிந்ததும் விருதுநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் புத்தகம் வாங்கினேன். அட்டையில் அழகான பசுவும் கன்றும். மூலையில் ஒரு மஞ்சள் வட்டம், அதற்குள் '6+'. அட்டையை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் எல்லா அட்டையுமே எங்கேயோ பார்த்த மாதிரிதான் இருக்கும். பின்பக்கம் திருப்பினால் எங்கள் கம்பெனிக்கு வழக்கமாக ஆர்டர் தருகிற மதுரைப் பதிப்பகம். அட, நம்ம பார்ட்டி. உள்ளே ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, நான் மாவரைக்கப் போனேன்.

கதை இதுதான். அம்மா சொன்ன பேச்சைக் கேட்காமல் கன்றுக்குட்டி தூரமாகப் போகிறது. தேடிவந்த தாய்ப்பசு பாழுங்கிணற்றில் விழுந்துவிடுகிறது. கன்று கிணற்றோரம் நின்று 'அம்மா, அம்மா' என்கிறது. நீதி: பெற்றோர் சொல் கேள். அவ்வளவுதான். முற்றும். அடுத்த பக்கம் வெள்ளை.

எஸ்தர் சத்தம் போட்டு அழவில்லை. வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நாலு நாள் விடவில்லை. அதைவிட மோசம், சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தாள். பால் குடி என்றால் குடித்தாள். கத்தரிக்காயைத் தின்றாள். அவள் ஒன்று தப்பாகச் செய்தால் நான் எங்காவது கிணற்றில் விழுந்துவிடுவேன் என்று தன் பாட்டுக்கு முடிவுகட்டியிருக்கிறாள். படிப்பதையும் நிறுத்திவிட்டாள். பஸ்ஸில் போர்டு கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். வீட்டில் இருந்த புத்தகத்தையெல்லாம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். எழுத்தைத் துரத்தித் துரத்திப் படித்த பிள்ளை.

பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அளுகுற பிள்ளைக்குப் புஸ்தகம் எதுக்கு? பொம்மை வாங்கிக் குடுங்க. இதுக்கே அளுதா நாளைக்கு எப்படிப் பொளைப்பா?" யார் என்ன சொன்னாலும் மனசில் முடிந்து வைத்துக்கொள்வது என் பழக்கம். இதையும் வைத்திருக்கிறேன், திருப்பிக் கொடுப்பதற்காக.

வீட்டுக்காரர் புத்தகத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு லோடு கிளம்புறதுக்கு முன்னாடி அதுல ஒண்ணை எடுத்து வெடிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புவோம். நீ இதை வெடிச்சுப் பாத்தியா?"

சரியாகப் பேசுகிற புருஷன்மேல் வருகிற எரிச்சல் தனி ரகம். "ஆறு வயசுன்னு போட்டிருந்துச்சுங்க. ஆறு வயசுன்னு போட்டவன் படிச்சுப் பாத்திருக்கணும். அவனைச் சும்மா விட மாட்டேன்" என்றேன்.

விடவும் இல்லை. அந்தப் பதிப்பகத்தார் அதே புத்தகத்தை மறுபடி அடிக்க ஆர்டர் கொடுப்பதற்காக மறுநாள் எங்கள் கம்பெனிக்கு வருவதாக இருந்தது. பள்ளிக்கூடம் லீவு. முந்தானையில் தொங்கிய எஸ்தரோடு நேராக முதலாளி அறைக்குள் போனேன். பதிப்பகத்தார் காபி குடித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை மேசைமேல் போட்ட வேகத்தில் காபி அவர் வேட்டிக்குப் போனது.

"எந்த மடையன் சார் இதுக்கு ஆறு வயசுன்னு போட்டது? அவன் பெத்த பிள்ளைக்கு இதைக் குடுப்பானா? பிள்ளையைப் பயமுறுத்தித்தான் சொல்பேச்சுக் கேக்க வைக்கணுமா? நாலு நாளா எம்மக சோத்தைக்கூடப் பயந்து பயந்து திங்கா. அந்த ஆளை எனக்கு இப்பப் பாக்கணும்."

மெஷின்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எனக்கு இன்னும் குரல் ஏறியது. (ஆள் கூடினால் எனக்குப் பேச்சு நன்றாக வரும்.)

முதலாளி நிதானமான மனிதர். "இரும்மா. கவரைப் பாத்துருவோம்" என்று அலமாரியிலிருந்து ஒரு காக்கிக் கவரை எடுத்தார். எங்களிடம் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கவர் உண்டு. பார்ட்டி என்ன சொன்னார், நாங்கள் என்ன செய்தோம் என்று சீட்டில் எழுதி உள்ளே போட்டுவிட வேண்டும். அவர் சீட்டை எடுத்தார், படித்தார், என் பக்கமாகத் திருப்பி மேசையில் வைத்தார்.

அப்போது என் இடுப்புப் பக்கத்திலிருந்து ஒரு குரல், எழுத்துக்கூட்டாமல், சர்ரென்று:

"அட்டை வட்டத்துக்கு வயது கேட்டேன். நீங்களே பார்த்துப் போடுங்கம்மா என்றார். பத்து போட்டால் வட்டத்துக்குள் அடங்கவில்லை. ஆறு போட்டாச்சு." எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, இது ஒன் கையெளுத்து."

அதற்கு முந்தின வருட சீசனில் ஒரு நாளைக்குப் பதினைந்து அட்டை போட்டேன். அதில் ஒன்று. கதையைப் படித்தேனா? அட்டை போடுகிறவளுக்குக் கதை எதற்கு என்று நினைத்திருப்பேன். கடைக்காரனுக்கும் எழுதினவனுக்கும் சேர்த்து நான் வைத்திருந்த திட்டு எல்லாம் வரிசையாக என் வீட்டுக்கே திரும்பி வந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. மரியாதைக்காக அடக்கினார்கள். கட்டிங் மெஷின் அண்ணன் மட்டும் தண்ணீர் குடிக்க வெளியே ஓடினார்.

எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது: பிள்ளை படிக்கிறாள். நாலு நாளைக்கு அப்புறம். அம்மாவை மாட்டிவிடுவதற்காக என்றாலும் படிக்கிறாள். மானம் போனது போகட்டும் என்று அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

எஸ்தர் விடவில்லை. பதிப்பகத்தாரைப் பார்த்து, "தாத்தா, அந்தப் பசுவை யாரு தூக்குவா?" என்றாள்.

"கதையில அது இல்லையே பாப்பா."

"ஃபயர் சர்வீஸுக்குப் போன் போட வேண்டியதுதான? கடைசிப் பக்கம் சும்மாதான கெடக்கு."

பட்டாசு ஊரில் பிறந்த பிள்ளை. எந்த ஆபத்துக்கும் அவளுக்குத் தெரிந்த முதல் வண்டி அதுதான். பதிப்பகத்தார் வேட்டிக் கறையைத் துடைத்தபடி, "நீதி என்னம்மா ஆகுறது?" என்று என்னிடம் கேட்டார். "நீதி இன்னும் கிணத்துக்குள்ளதான் சார் கெடக்கு" என்றேன், கோபம் மிச்சமிருந்ததால்.

இரண்டாம் பதிப்பில் கடைசிப் பக்கத்தில் தீயணைப்பு வண்டி வந்தது. அட்டை நான்தான் போட்டேன். வட்டத்தை எடுத்துவிட்டேன்.

அதிலிருந்து எந்தப் புத்தகம் வாங்கினாலும் முதலில் நான் படிப்பேன். முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதியும் வைப்பேன்: '14ஆம் பக்கத்தில் நாய்க்குட்டி காணாமல் போகும். 19இல் வந்துவிடும்.' சோகக் கதையென்று தள்ளுவதில்லை; வரப்போவது தெரிந்தால் அவள் தைரியமாகப் படித்தாள். வீட்டுக்காரருக்குத்தான் கொண்டாட்டம். நான் புதிதாக ஏதாவது குழம்பு வைத்தால் தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டு, "இது எத்தனை வயசுக்கு? வட்டத்துல போட்டாச்சா?" என்பார்.

எஸ்தருக்கு இப்போது பதினொன்று. போன மாதம் பள்ளி நூலகத்திலிருந்து தடியான புத்தகம் ஒன்று கொண்டுவந்து, இரண்டே நாளில் முடித்துவிட்டு, "நீ படிம்மா, நல்லாருக்கு" என்று என்னிடம் தந்தாள். உள்ளே ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. என் எழுத்து மாதிரியே சாய்ந்த எழுத்து.

'பக்கம் 62. பெரியவர்கள் துணையோடு படிக்கவும். அப்பா ஏழு மணிக்கு வந்துருவாக.'

நான் காத்திருக்காமல் ஆறரைக்கே படித்துவிட்டேன். அவர் வந்தபோது முந்தானை நனைந்திருந்தது. சீட்டைப் படித்துவிட்டு, "சொன்ன பேச்சைக் கேக்க மாட்ட" என்றார்.