ராடார் வீட்டில் ஒண்டுக்குடித்தனம்

தாம்பரம் தொடங்கி கீழ்க்கட்டளை வரைக்கும் புதிதாக ஓர் இனம் பரவியிருக்கிறது. கொசு இல்லை, அது பழைய இனம். இதற்குச் சேனல்காரர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். டிவி சேனல் என்று நினைத்துவிடாதீர்கள். வைஃபை சேனல்.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் விட்டேன், நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். தண்ணீர் லாரியில் கிளீனராக ஏறி, அந்த லாரியையே வாங்கி, பிறகு இரும்புலியூரில் தரையோடு சேர்த்து மூன்று தளம் எழுப்பியவன் இந்த ஏசுபாதம். குடிவருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே ஆள் எப்படி என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நானே ஒருவரிடம் ஏமாந்தேன் என்றால் அந்த இனம் எவ்வளவு சூட்சுமமானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சேனல்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் வீட்டுக்கு வருவார். உங்களைப் பார்க்க மாட்டார், உங்கள் மனைவி கொடுக்கிற காபியைப் பார்க்க மாட்டார், சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கிற உங்கள் அப்பாவையும் பார்க்க மாட்டார். அலமாரி மேல் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிற ரவுட்டரை மட்டும், மருமகள் வீட்டுக்கு வந்த மாமியார் அடுப்படியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். பிறகு போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து குளியலறை வரை நடப்பார். போனில் கலர் கலராக மலை மலையாக ஒரு படம் தெரியும். "உங்க நெட்டு ஸ்லோ இல்ல சார், உங்க சேனல்ல கூட்டம்" என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற திருப்தி இருக்கிறதே, பெரிய டாக்டர்களுக்குக்கூட வராது.

எங்கள் கட்டடத்து சேனல்காரர் இரண்டாம் மாடி ஷ்யாம்சுந்தர். இன்சூரன்ஸ் ஆபீசில் உத்தியோகம். அவர் எனக்கு விளக்கியதை உங்களுக்கு என் பாஷையில் சொல்கிறேன். வைஃபை என்பது ரோடு மாதிரி. ஊரே நம் தாம்பரத்து ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் போனால் நெரிசல். ஆனால் காலியாக ஒரு ரோடு இருக்கிறது. ஏன் காலி? விமானத்தையும் மழை மேகத்தையும் தேடுகிற ராடாருக்கு உள்ள ரோடு அது. நாமும் போகலாம், குற்றமில்லை. ஆனால் ராடார் சத்தம் கேட்டால் ரவுட்டர் உடனே வண்டியை ஓரம் கட்டி, வேறு சந்தில் நுழைந்து, அங்கேயும் ராடார் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் வாயைப் பொத்திக்கொண்டு காது கொடுத்துக் கேட்டபிறகுதான் மறுபடி பேசும். மந்திரி வரும்போது நம் வண்டியை நிறுத்துகிறார்கள் இல்லையா, அதே கதை.

இந்த ஏற்பாட்டை யார் எங்கே வைத்துக்கொள்ள வேண்டும்? விமானம் பறக்காத ஊரில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் இருப்பது எங்கே? ஒரு பக்கம் விமானப்படை, இன்னொரு பக்கம் விமான நிலையம். துணி காயப்போடப் போனால் தலைக்குமேல் விமானத்தின் வயிறு தெரிகிறது.

இதைச் சொன்னால் அவர் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். பெருமைப்பட்டார். நெட் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும், பெரிய இடத்து ஆள் ஒருவர் தன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போனதுபோல ஒரு புன்னகை. நம் ரவுட்டர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது சார் என்பார். இதோடு விட்டாரா? கட்டடம் முழுக்க எல்லார் வீட்டு ரவுட்டரையும் அந்தக் காலி ரோட்டுக்கே ஓட்டிவிட்டார். பழைய அலைவரிசை ஒன்று இருந்தது, மெதுவாக ஆனாலும் நிற்காமல் ஓடும். அது கேவலம் என்று அதையும் அணைத்துவிட்டார்.

முதல் மாடி ஸ்ரீரங்கன் வீட்டில்தான் இந்த வினை வெடித்தது. அவர் ரிட்டயர்டு வாத்தியார், மனைவி வேதா, ஒரே பெண் சுப்ரஜா. ஜெர்மனியில் வேலை பார்க்கிற பையன் ஒருவனின் ஜாதகம் பொருந்தியிருந்தது. பையனின் அம்மாவும் அங்கேதான் போயிருந்தார். நேரில் பேசிப் பார்க்காமல் சரி சொல்ல மாட்டேன் என்பது சுப்ரஜாவின் ஒரே நிபந்தனை. நேரில் வர லீவு இல்லை, வீடியோவில் பேசலாம், அன்றைக்கே முடிவு தெரிய வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை. எமகண்டம் ஒன்றரைக்கு முடியும், ராகு காலம் நாலரைக்குத் தொடங்கும். நடுவில் பேசி முடிக்க வேண்டும். கட்டட ஓனர் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

பையனின் அம்மா, சமைக்கத் தெரியுமா என்று கேட்டார். சுப்ரஜா வாயைத் திறந்தாள். நெட் நின்றது. அங்கே அவர்கள் திரையில், பாதி திறந்த வாயோடு பெண் அப்படியே சிலையாக நின்றிருக்கிறாள். சமையல் என்ற வார்த்தையைக் கேட்டு அதிர்ந்துபோனவள் மாதிரி. நெட் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவாயா என்றார். நின்றது. மறுபடி வந்தது. நாங்களும் உங்களோடுதான் இருப்போம், சம்மதமா என்றார். அன்றைக்கு வானத்தில் என்ன திருவிழாவோ, அப்போதும் நின்றது.

நெட் திரும்பி வந்தபோது அந்த அம்மாள் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. "எது கேட்டாலும் கட் பண்றா பாரு. பிடிக்கலைன்னா வாயால சொல்லக் கூடாதோ?"

அதற்குப் பதில் சொல்வதற்குள் மறுபடியும் நின்றது.

ஷ்யாம்சுந்தரைக் கூப்பிட்டார்கள். வந்தார். பொறுமையாக ரவுட்டர் முன்னால் நின்றார்.

"ஒரு நிமிஷம் மாமா. ராடார் இருக்கான்னு அது கேட்டுண்டிருக்கு."

"அது கேக்கறது இருக்கட்டும்டா. அவா கேக்கறதுக்கு யார் பதில் சொல்றது?" என்றார் ஸ்ரீரங்கன்.

வேறு சேனலுக்கு மாற்றித் தொலை என்று வேதா கெஞ்சினார். மாற்றலாம் மாமி, ஆனால் அங்கே கூட்டம் என்றார் இவர். பெண்ணின் வாழ்க்கை போகிறது, இவருக்குக் கூட்டம் பிடிக்கவில்லை.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் என் மூளை வேலை செய்யும். போனில் உள்ள நெட்டிலேயே பேசலாமே என்று உங்களுக்குத் தோன்றும். என் கட்டடத்தில் நடக்காது. நான் சிமென்ட்டில் மிச்சம் பிடிக்காதவன், சுவர் அப்படி. போன் சிக்னல்கூட உள்ளே வர என்னிடம் அனுமதி கேட்க வேண்டும். ஆனால் மொட்டைமாடிக்குச் சுவர் கிடையாது.

"இன்னாத்துக்கு வூட்டுக்குள்ளயே குந்திகினு கீறீங்க? மாடிக்கு வாம்மா" என்று சுப்ரஜாவை அழைத்துக்கொண்டு ஏறினேன். பின்னாலேயே ஷ்யாம்சுந்தரும் ஏறினார். தண்ணீர்த் தொட்டி நிழலில் சிக்னல் முழுசாகக் கிடைத்தது. வீடியோ கால் போனது. அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட, பையன் மட்டும் இருந்தான். நல்ல பையன்தான். சுப்ரஜா நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, சமைக்கத் தெரியும், வேலைக்கும் போவேன், உங்கள் அம்மா கேட்ட மூன்றாவது கேள்வியைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அவனையே கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி. அவனோ கண்ணை அகல விரித்து, ராடாரா என்றான்.

"எந்தச் சேனல் வெச்சிருக்கீங்க?"

ஷ்யாம்சுந்தரின் தலை அவள் தோளுக்கு மேலே உதயமானது. நூறு என்றார். அய்யோ, நூற்றுப் பதினாறு வைத்துப் பார்த்திருக்கலாமே, நான் இங்கே அதுதான் வைத்திருக்கிறேன் என்றான் பையன். உங்களுக்கும் ராடார் அடிக்கிறதா என்று இவர் ஆவலாகக் கேட்டார். வாரத்துக்கு நாலு தடவை என்று அவன் பெருமையாகச் சொன்னான். இரண்டு முகத்திலும் அந்தப் புன்னகை. போன் எப்போது இவள் கையிலிருந்து அவர் கைக்குப் போனது என்று எனக்கே தெரியாது. சுப்ரஜா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். பிறகு கீழே இறங்கினாள். ராகு காலம் வரைக்கும் அவர்கள் பேசினார்கள்.

கீழே வேதா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்னடி ஆச்சு? நன்னா பேசினாரா?"

"ரொம்ப நன்னா பேசறார். இன்னும் பேசிண்டுதான் இருக்கார்" என்றாள் சுப்ரஜா. "எனக்கு வேண்டாம்மா. மாடியில ஒருத்தர் போதும்."

ஸ்ரீரங்கன் வருத்தப்பட்டார். நான் வருத்தப்படவில்லை. கட்டிக்கொண்டு ஜெர்மனி போனபிறகு தெரிய வேண்டியது, துணி மடிக்கிற நேரத்தில் தெரிந்துவிட்டது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் படித்தீர்களே, சுப்ரஜாவுக்காக மனசு அடித்துக்கொண்டதா? அப்படியானால் நல்லது, பிழைத்தீர்கள். அல்லது, நடுவில் எங்கேயோ, "நூறாம் சேனலுக்குப் பதிலாக ராடார் வராத நாற்பத்து நாலில் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று தோன்றி, உங்கள் வீட்டு ரவுட்டர் எதில் ஓடுகிறது என்று பார்க்கக் கை போனைத் தேடியதா?

தேடியது என்றால், இரும்புலியூர்ப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். என் கட்டடத்தில் இடம் இல்லை. காலியாக இருந்தாலும் இல்லை.