டியூபில் வந்த சம்பந்தம்

பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு எல்லா ஊரிலும் பஜ்ஜி கிடைக்கும். எனக்கு மலை கிடைத்தது.

சரோஜாவின் அப்பா மாணிக்கம் வாத்தியார் ஞாயிறுதோறும் இரண்டு நண்பர்களோடு சூளகிரிப் பக்கம் மலையேறுவார். உச்சியிலுள்ள புல்மேட்டைக் கடந்து, மறுபக்கம் இறங்கி, இரண்டு ஏரிகளின் கரையோடு நடந்து திரும்புவார். பெண் கேட்டு வருகிறவனையும் அந்த நடைக்குத்தான் அழைப்பார். "மேடு ஏறச்சொல்ல மனுஷன் குணம் தானா வெளிய வந்துரும்" என்பது அவர் கட்சி. எனக்கு முன்னால் வந்தவன் பாதி மலையிலேயே இறங்கிப்போய் பஸ் ஏறிவிட்டானாம்.

வாத்தியார் மதுவிலக்குக் கூட்டம் ஒன்றைக்கூட விடாமல் பேசுகிறவர். பொய்யே சொல்லாதவர் என்ற பெயரும் உண்டு. (அவர் சொல்லிக்கொண்டதில்லை, ஊர் சொன்னது. அதனால் இன்னும் பயமாக இருந்தது.)

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். கிருஷ்ணகிரியில் ஒரு பஸ் கம்பெனியில் ஸ்டோர் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது. சரோஜாவைக் கோயிலில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது வாத்தியாரை அசத்திவிட வேண்டும்.

சாப்பாடு இரண்டாவது ஏரிக்கரையில்தான் என்றார்கள். அவர்கள் கொண்டுவரும் கூஜாத் தண்ணீர் உச்சியிலேயே தீர்ந்துவிடும், சித்திரையில் ஏரித் தண்ணீரோ மாடு கலக்கிய சேறு என்றும் சொன்னார்கள். உடனே என் மூளை வேலை செய்தது. (அது சும்மா இருந்த நாட்களில்தான் நான் நன்றாக இருந்திருக்கிறேன்.) புதுக் கார் டியூப் ஒன்றை வாங்கி, ஓரிடத்தில் வெட்டி, கழுவினேன். முந்தின நாள் மத்தியானமே வெல்லமும் சுக்கும் போட்டுப் பானகம் கரைத்து அதில் ஊற்றி, இரு முனைகளையும் கயிற்றால் இறுக்கினேன். காலையில் அதை இடுப்பில் சுற்றி, மேலே கோட்டை மாட்டிக்கொண்டேன். எல்லோரும் தாகத்தில் தவிக்கும்போது கோட்டைத் திறப்பேன், வாத்தியார் அசந்துபோவார். இதுதான் திட்டம்.

மாநில எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து சாராயம் கடத்துகிறவர்கள் அதை டியூபில் நிரப்பி, இடுப்பில் சுற்றி, இதே மலை வழியாக வருவார்கள் என்பது அந்த வட்டாரத்தில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

"தம்பிக்கு நல்ல ஒடம்பு" என்று அடிவாரத்தில் வாத்தியார் மெச்சினார். புல்மேட்டில் வெயில் பிளந்தது. கோட்டுக்குள் நான் வெந்தேன், பானகமும் வெந்தது. முதல் ஏரிக்கரையில் புதர் மறைவில் கோட்டைக் கழற்றிக் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, ஆடு மேய்க்கும் ஒருவர் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் தெலுங்கு கலந்த தமிழில் விலை கேட்டார்.

"விற்கிறதுக்கில்லைங்க. அதோ, அவருக்காகக் கொண்டுபோறேன்" என்று வாத்தியாரைக் காட்டினேன்.

அவர் வாத்தியாரை வெகுநேரம் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

இரண்டாவது ஏரிக்கரையில் புங்கமரத்தடியில் இரண்டு போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் எழுந்து வந்து என் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினார். களக் என்றது.

"கோட்டைக் கழட்டு."

கழற்றினேன். வாத்தியாரின் நண்பர்கள் இருவரும் ஒரே சமயத்தில் ஏரியைப் பார்க்கத் திரும்பினார்கள்.

"பானகம் சார்!" என்றேன்.

"எல்லாரும் அதான் சொல்றானுங்க" என்று அவர் கயிற்றை அவிழ்த்தார். புஸ்ஸென்று நுரை பொங்கி அவர் தொப்பியில் அடித்தது. கிளம்பிய நாற்றத்தை இங்கே எழுத முடியாது. அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நல்லா வந்திருக்கும்" என்றார், தொழில் தெரிந்தவராக. பிறகு வாத்தியாரிடம் திரும்பிக் கும்பிட்டார். "ஐயா, உங்க பேச்சைக் கேட்டிருக்கேன். உங்களோட வந்ததால கேக்கறேன். இந்த ஆளு உங்களுக்கு யாருங்க? ஒறவுன்னா விட்டுர்றேன். வழியில சேந்துக்கினவன்னா ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கினு போறேன்."

வாத்தியார் என்னைப் பார்த்தார். டியூபைப் பார்த்தார். என் இடுப்பிலிருந்து பானகம் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஜெயிலில் பாதித் தண்டனையை அனுபவித்துவிட்டேன்.

"எங்க மாப்பிள்ளை" என்றார்.

பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பியதும் வாத்தியார் சொன்னார். "வைகாசில நல்ல நாள் பாக்கச் சொல்றேன். போலீஸ்காரன்கிட்ட சொன்னது பொய்யாயிடக் கூடாது."

அந்த வைகாசியிலேயே கல்யாணம் நடந்தது. பந்தலில் எல்லோருக்கும் பானகம் கொடுத்தார்கள். வாத்தியார் மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார்.

இப்போதும் நான் வீட்டில் புதிதாக ஏதாவது கண்டுபிடித்து, அது உடைந்தோ ஒழுகியோ கிடக்கும்போது, சரோஜா இடுப்பில் கைவைத்து நின்று பெருமூச்சு விடுவாள்.

"எங்கப்பா அன்னிக்குச் சொன்ன அந்த ஒரு பொய்யைப் பொய்யாவே விட்டிருக்கலாம்."