அம்மனுக்கு நேர்ந்த மூன்றுகால் கதிரை

சீதனமாக வீடு வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன்: வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள். நான் பெண் பவளத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டியவன்.

எழுபதுகளின் தொடக்கம். நாரந்தனையில் பவளத்தின் தாய், அதாவது என் மாமி, எங்களுக்கென ஒதுக்கிய அறைக்குள் கால்வைக்கவே இடமில்லை. மாமா மலாயாவிலிருந்து கொண்டுவந்த ஓடாத மணிக்கூடு, மூக்குடைந்த கேத்தில், ஒரு கால் முறிந்த மூன்றுகால் கதிரை, முகடு முட்ட வெறும் பிஸ்கற் தகரப்பேணிகள். மாமா போய்ச் சேர்ந்து வருடக்கணக்காகிவிட்டது, சாமான்கள்தான் போகவில்லை. அதனால் பவளம் தாயோடு படுத்தாள். புதுமாப்பிள்ளையான நான் விறாந்தையில் ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் படுத்தேன்.

"மாமி, இந்தக் கேத்திலை எறிவமே?"

"ஐயோ தம்பி, அதிலதான் உங்கட மாமாவுக்குக் கடைசியாத் தேத்தண்ணி வச்சனான்."

"அப்ப கதிரை?"

"அதிலயிருந்துதான் குடிச்சவர்."

நான் விடாக்கண்டன் என்றால் மாமி கொடாக்கண்டி. ஆனாலும் அந்த அறையை வெறுமையாக்காமல் ஓய்வதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டேன். (எனக்கு யோசனை வருவதே அபூர்வம். வந்தால் அது ஊருக்கே ஆபத்து.) மாமி யார் சொல்லையும் தட்டுவார், அம்மன் என்றால் தட்டமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை, "மாமி, அறைச் சாமானெல்லாத்தையும் அம்மனுக்கு நேர்ந்திட்டன்" என்று வாய்கூசாமல் சொன்னேன். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டில் பிடிக்கச் சொன்னார். கோயிலில் இறக்கிவிட்டுச் சீட்டியடித்தபடி வந்தேன்.

மறுநாள் திருவிழா முடிவு. நேர்த்திப் பொருள்களை ஏலம் விடுவார்கள். யாராவது எடுத்துப் போகட்டும் என்பதுதான் என் திட்டம். போய்ப் பார்த்தால் முன்வரிசையில் மாமி. ஏலம் விடுகிறவர் கதிரையைத் தூக்கிக் காட்டியதும் மாமி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, கேளுங்கோ. அம்மன்ர பொருள் பிறத்தியாரிட்டப் போகக்கூடாது."

ஊரே என்னைப் பார்த்தது. கேட்டேன். பக்கத்து வளவுச் சின்னையா அண்ணை (அந்த மனிசனுக்கு மூன்றுகால் கதிரை எதற்கு!) வேண்டுமென்றே ஏற்றிக் கேட்டார். "விடாதையும் மாப்பிள்ளை!" என்று பின்னால் ஒரே ஆரவாரம். ரோசம் வந்துவிட்டது. கதிரை, கேத்தில், பேணி என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில், ஓடாத மணிக்கூட்டுக்காக என் ஓடுகிற கைமணிக்கூட்டைக் கழற்றி ஈடு வைத்தேன்.

எல்லாம் மேளத்தோடு வீடு திரும்பின. மாமி திருநீறு பூசி, பூ வைத்து, அதே அறையில் அடுக்கினார். இனி எறிவதாவது! கும்பிடாமல் அந்தப் பக்கம் போகவும் முடியாது. நான் விறாந்தைக் குந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அழுகையே வந்தது.

மாமி என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் பாயைக் கொண்டுவந்து அந்த அறை வாசலில் போட்டார்.

"அம்மன்ர சாமானைத் தனிய விடேலாது, தம்பி. நான் இதில படுக்கிறன். நீங்கள் ரெண்டுபேரும் என்ர அறையில படுங்கோ."

(கேட்டிருந்தால் முதல்நாளே தந்திருப்பாவாம். பவளம் பிறகு சொன்னாள்.)

அடுத்த வருடம் மூத்தவள் பிறந்தாள். நாங்கள் ஆசையாக வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு சரி. சொந்தபந்தத்துக்குள் அவள் இன்றைக்கும் "ஏலத்தில எடுத்த பிள்ளை"தான்.