செல்லம்மையைப் பேச வைத்த லட்சணம்

மனம் விட்டுப் பேசினால் பாரம் குறையும் என்கிறார்களே, யாருடைய பாரம்? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

போன வருஷம் எங்கள் ஊர்ச் சிறையில் செல்லம்மை என்றொரு பெண் உண்ணாமல், பேசாமல், சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். புருஷன் சாராயம் காய்ச்சினான். போலீஸ் வந்ததும் ஓடிவிட்டான். அடுப்படியில் நின்ற இவள் அகப்பட்டாள். மருந்தால் ஆகாது, படித்த பெண் யாராவது வந்து பேசிப் பார்க்கட்டும் என்றார் சிறை டாக்டர். மாதர் சங்கம் என்னை அனுப்பியது. (பள்ளிப் படிப்பு முடித்தவள், கைக்குழந்தைக்காரி, 'மாட்டேன்' என்று சொல்லத் தெரியாதவள். வேறென்ன தகுதி வேண்டும்?)

வழியெல்லாம் ஆறுதல் வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். போனால், எங்கள் நடுவில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பெண் வார்டர் உட்கார்ந்துவிட்டாள். கைதியோடு தனியாகப் பேசக் கூடாதாம்.

"ராத்திரி உறக்கம் வருதா செல்லம்மை?" என்றேன்.

"அதெல்லாம் நல்லா உறங்குவா," என்றாள் வார்டர்.

"மனசுல என்ன விசனம்?"

"ஒரு விசனமும் கிடையாது. எல்லாம் அழுத்தம். ஏட்டி, அம்மா கேக்காங்க இல்லியா, வாயத் தொறயேன்!"

செல்லம்மை அசையவில்லை. என் மனப்பாடம் பறந்துவிட்டது. என்ன பேசுவதென்று தெரியாமல் என் கதையைத் தொடங்கிவிட்டேன். பிள்ளை சரியாகப் பால் குடிப்பதில்லை, மெலிகிறான், எல்லாம் என் வளர்ப்பு என்கிறாள் மாமியார், ஒருவேளை உண்மைதானோ... சொல்லச் சொல்ல விக்கி விக்கி அழுகை வந்தது. (சிறைக்குள் போய் அழுதுவிட்டு வந்த ஒரே சங்க உறுப்பினர் நான்தான்.) பிள்ளைக்கு வசம்பு உரைத்துக் கொடுக்கச் சொன்னாள் வார்டர்.

அப்போதுதான் செல்லம்மை திரும்பினாள். "எத்தன மாசம் அக்கா?"

"ஏழு."

"எனக்க பிள்ளைக்கு ஒம்பது. மாமியாக்காரி வச்சிருக்கா, தேங்காய்ப்பட்டணத்துல. ஒருக்கா கொண்டு காட்டச் சொல்லுவியளா? வேற ஒண்ணும் வேண்டாம்."

ஜெயிலரிடம் ஓடினேன். அவர் முகம் மலர்ந்தது. "பேசிட்டாளா? அப்ப சரியாயிட்டு! இனி நீங்க அலைய வேண்டாம்."

"பிள்ளையைக் கேக்கா, சார்!"

"சொந்தக்காரங்க கொண்டுவந்தா காட்டலாம். போய்ப் பிள்ளை புடிச்சிட்டு வாறது எங்க வேலையா?"

பேசவில்லை என்று வைத்தியம் பார்த்தவர்கள், பேசியதும் காதைப் பொத்திக்கொண்டார்கள்! சங்கத்தில் எனக்கு மாலை வேறு போட்டார்கள். வாயைத் திறக்காமல் கழுத்தை நீட்டினேனே, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

இன்றும் நான் எதற்காவது கண்கலங்கினால் என் கணவர், "வண்டி கூப்பிடட்டா? ஜெயில்ல போய் சொல்லி அழுதுட்டு வந்திரு," என்பார். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

சென்ற வாரம் நானே தேங்காய்ப்பட்டணம் போனேன். "ஜெயிலுக்குப் போனவளுக்கு என்னத்துக்குப் பிள்ள?" என்று அந்த மாமியார் கதவைச் சாத்திவிட்டாள். பிள்ளை முற்றத்தில் நடந்துகொண்டிருந்தது. செல்லம்மை மறுபடியும் சுவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டாளாம். விடுதலைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அந்தப் பிள்ளையை ஒரு மணி நேரம் தாயிடம் கொண்டுபோக யாருக்கு மனு எழுத வேண்டும்? என்னவென்று எழுத வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஆறுதல் மட்டும் யாரும் அனுப்ப வேண்டாம். அது என்னிடமே நிறைய மிச்சம் கிடக்கிறது.