உன் அக்கா இல்லை என்று வைத்துக்கொண்டேன்

அன்புள்ள மைத்துனனுக்கு,

இங்கு யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் 'யாவரும்' என்று எழுத வீட்டில் இப்போது நான் ஒருவன்தான். நலமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நீயும் உன் மனைவி மக்களும், அங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உன் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவளை உடனே திருப்பி அனுப்பும்படி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரியின் தத்துவத் துறையில் மெய்ப்பொருளியல் பாடத்தை எடுத்துவிட்டார்கள். எது மெய்யாகவே இருக்கிறது, இருப்பது என்றால் என்ன, காலம் என்றால் என்ன என்று கேட்கிற பாடம். தத்துவத்துக்கே அஸ்திவாரம். நான் ஆயுள் முழுக்க நடத்திய ஒரே பாடம். கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, "சார், இருப்பு, காலம், ஆன்மா எல்லாத்தையும் சிலபஸ்லேருந்து தூக்கியாச்சு, தர்க்கம் மட்டும் போதும்"னு என்னவோ உடைஞ்ச பெஞ்சைத் தூக்கிப் போட்ட மாதிரி சொல்றார். காலத்தையே தூக்கிட்டீங்களே, அப்புறம் எதுக்குய்யா பீரியடுக்குப் பீரியட் பெல் அடிக்கிறீங்கன்னு கேட்டேன். தர்க்கம் நடத்தறானே, என்கிட்டயே படிச்சவன், அவன் வேற பல்லைக் காட்டிக்கிட்டு, "நிரூபிக்க முடியாததைப் பேசி என்ன சார் பிரயோஜனம்?"ங்கறான். டேய், நிரூபிக்க முடியாததுல பிரயோஜனம் இல்லைங்கறதை நீ எப்படிடா நிரூபிப்பேன்னேன். ரெண்டு பேர் வாயையும் அடைச்சுட்டு வெளிய வந்து பார்த்தா, என் நாற்காலியை மாடிப்படிக்கு அடியில துடைப்பத்துக்குப் பக்கத்துல போட்டிருக்காங்க. வாதத்துல ஜெயிச்சவனுக்கு இதுதான் மரியாதை. வயிறு எரியுது மாப்பிள்ளை.

வீட்டுக்கு வந்து இதை உன் அக்காகிட்ட சொன்னேன். சாப்பிடும்போது சொன்னேன், கை கழுவும்போது சொன்னேன், அவ தூங்கறாளான்னு பார்த்து எழுப்பியும் சொன்னேன். நடுவுல அவ டாக்டர், ரிப்போர்ட்டுன்னு என்னவோ ஆரம்பிச்சா. கொஞ்சம் இரு, இதை முடிச்சுக்கறேன்னேன். அவ்வளவுதான், "இந்த வீட்டுல நான்னு ஒருத்தி இருக்கேனா இல்லையா?"ன்னு ஒரு கத்து கத்தினா.

கல்யாணம் ஆனதுலேருந்து அவ கேட்ட முதல் உருப்படியான கேள்வி! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. "'இருக்கேன்'னு எந்த அர்த்தத்துல கேக்கறே?"ன்னு முறைப்படி ஆரம்பிச்சேன். கேள்வியைத் தெளிவுபடுத்தாம பதில் சொல்றவன் எங்க துறையில வாத்தியாரே இல்லை. அதுக்கு அவ, "நான் இல்லைன்னே வச்சுக்கங்க"ன்னுட்டு எழுந்து போனா. எங்கியோ ஒரு கதவு டமால்னு சாத்திக்கிச்சு. சரின்னு நானும் அப்படியே வச்சுக்கிட்டேன். மறுநாள் காலையில ஆளைக் காணோம். உன் வீட்டை விட்டா அவளுக்குப் போக்கிடம் ஏது? வீடு முழுக்கத் தேடினீங்களான்னு கேக்காதே. இல்லாததைத் தேடறவனைப் பைத்தியம்பாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, ஆளு இல்லையே தவிர வீடு அது பாட்டுக்கு ஓடுது. மேசையில சாப்பாடு மூடி வச்சிருக்கு, சட்டை மடிச்சிருக்கு, சாத்தின பின்னறையிலேருந்து இருமல்கூடக் கேக்குது. ஆள் போனாலும் பழக்கம் கொஞ்ச நாள் வீட்டைச் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும்போல. உன்கிட்ட சொல்லி என்ன, நீ ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவன். கதவை மூடினப்புறம் உள்ள லைட் எரியுதா இல்லையான்னு எப்படித் தெரியும்னு அன்னிக்கு உன்னைக் கேட்டதுக்கு, "திறந்து பாருங்க அத்தான்"னே. திறந்தா எரியத்தானே செய்யும்! உங்க குடும்பத்துக்கு மெய்ப்பொருளியல் ஏறாதுன்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு.

போகட்டும். அவ வேணும் மாப்பிள்ளை. நான் சொல்றதைக் கேக்க ஆள் இல்லை. மாடிப்படிக்கு அடியில உட்கார்ந்து எனக்கு நானே பாடம் நடத்திக்கிட்டிருக்கேன். எப்படியாவது சமாதானம் சொல்லி அனுப்பு.

கடிதத்தை வழக்கம்போலச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிடுகிறேன். அங்கே வைத்த கடிதம் எதுவும் இதுவரை போய்ச் சேராமல் இருந்ததில்லை. உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசிகள், அவர்களாவது வளர்ந்து ஒரு கேள்வியை ஒழுங்காகக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
பாடத்தைப் பறிகொடுத்த உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதறேன். நான் எங்கேயும் போகலை, இத்தனை நாளும் பின்னறையிலதான் இருக்கேன். எப்பவும்போல ஸ்டாம்பு ஒட்டலாம்னு மேசையிலேருந்து இதை எடுத்தேன். பயப்படாதே, ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு அது சாதாரணக் கட்டிதான்னு டாக்டர் சொல்லிட்டார். அதைத்தான் அன்னிக்கு இவர்கிட்ட சொல்ல வந்தேன். ஒரு தடவை கதவைத் தட்டட்டும், சொல்லிக்கலாம்னு இருந்தேன். சரி, இவர் எழுதினது பொய்யாகிட வேண்டாம், கிளம்பி வர்றேன். இதையும் கையிலேயே கொண்டு வர்றேன். இப்ப வாசல்ல நின்னு எழுதறேன், பெட்டியோட அவர் முன்னாடிதான் நடந்து வந்தேன். தலை நிமிரலை. "ஃபேனைக் குறைச்சுட்டுப் போ"ன்னார். குறைச்சுட்டுத்தான் வந்தேன்.