பலாவுக்கும் முந்திரிக்கும் நடந்த கிடார் தேர்தல்

ஒரே தட்டில் வெந்த இரண்டு இட்லியைக்கூட ஒன்று என்று ஒப்புக்கொள்ளாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் நெய்வேலியில், எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில், எனக்கு அடுத்த வீட்டில் வந்து வாய்த்தார். "இதுல புளிப்பு முன்னாடி நிக்கு, அதுல பின்னாடி நிக்கு வே. நாக்குன்னு ஒண்ணு உமக்கு எதுக்கு இருக்கு?" என்பார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அனல் மின் நிலைய வேலைக்கு வந்தவர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. டவுன்ஷிப்புக்கு அவர் ரெட்டைக் கிடார் அண்ணாச்சி.

ஆரம்பத்தில் அவரிடம் ஒரு கிடார்தான் இருந்தது. யார் ரிட்டயர் ஆனாலும் மாலை, சால்வை, அண்ணாச்சியின் கிடார் மூன்றும் உண்டு. அது முழுக்கக் கட்டையால் செய்த எலக்ட்ரிக் கிடாரும் இல்லை, உள்ளே வெறும் கூடாக இருக்கும் சாதாரணக் கிடாரும் இல்லை. நடுவில் ஒரு கட்டை ஓடும், இரண்டு பக்கமும் கூடு, மேலே வயலினில் இருப்பது போல இரண்டு வளைந்த துளைகள். செமி ஹாலோ என்று பெயர். அதன் சத்தத்தில் கட்டையின் அழுத்தமும் கூட்டின் குழைவும் சேர்ந்து வரும் என்பார். எனக்குக் கிடார் சத்தம் மட்டும்தான் கேட்கும். நான் கரியைச் சோதிக்கிற லேபில் வேலை பார்த்தவன், என் காதிடம் யாரும் அதிகம் எதிர்பார்த்ததில்லை.

தானே புயல் வந்து போய் இரண்டு மூன்று வருஷம் இருக்கும். ஒருநாள் அண்ணாச்சி முகம் வாடி வந்தார். "கிடார் செத்துப்போச்சு வே. கம்பளியைப் போர்த்திக்கிட்டு வாசிச்ச மாதிரி இருக்கு." கம்பியை மாற்றினார். கேபிளை மாற்றினார். ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் பரப்பினார். கடைசியில் பழி கரித்தூளின் மேல் விழுந்தது. துளை வழியாக உள்ளே போய்ப் படிந்துவிட்டதாம். சைக்கிள் பம்பை வைத்துக் காற்றடித்தார். உள்ளேயிருந்து ஒரு கரப்பான்பூச்சி வந்தது, டோன் வரவில்லை.

பிறகுதான் இரண்டாவது கிடார் வந்தது. அதே கம்பெனி, அதே மாடல், அதே செர்ரிச் சிவப்பு. மதினி, அதாவது அவர் மனைவி, வாசலில் நின்று என்னிடம் நியாயம் கேட்டார்.

"தொலைஞ்சுபோனா இன்னொண்ணு வாங்கலாம் தம்பி. வீட்டுல இருக்கும்போதே அதையே வாங்குவாகளா?"

"இது புதுசு, அது பழசு. கேட்டா ஒனக்கே தெரியும்" என்றார் அண்ணாச்சி.

கேட்டோம். ஒரு வருஷம் கேட்டோம். அவர் வீட்டுக்குக் காப்பிக்குப் போனவன், கறிவேப்பிலைக்குப் போனவன், பால்காரன் யாரும் தப்பவில்லை. ஃபேன் ஓடக்கூடாது, ஃபிரிட்ஜ் ஓடக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது. சட்டைப் பட்டன் கிடாரின் முதுகில் உரசினால் டோன் மாறுமாம், அதனால் அவர் பனியனோடு இருப்பார். ஊருக்கெல்லாம் கரண்டு கொடுக்கிற இடத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள்தான். அவர் பழசில் நாலு வரி வாசிப்பார், புதுசில் அதே நாலு வரி வாசிப்பார், பிறகு எங்கள் முகத்தைப் பார்ப்பார். "புதுசுல மேல ஒரு பளிச்சு இருக்குல்லா?" என்று கேட்பார். இல்லை என்றால் மறுபடி வாசிப்பார். வீட்டுக்குப் போகவேண்டியவர்கள் "இருக்கிறது" என்றார்கள்.

எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, அந்த வருஷத்து மெடிக்கல் செக்கப் வரும்வரை. காது சோதிக்கிற அறையில் அவருக்கு அடுத்து நான். ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். அண்ணாச்சி நெடுநேரம் பட்டனை அமுக்காமலே உட்கார்ந்திருந்தார். டர்பைன் பக்கம் நிற்கும்போது காதில் அடைப்பான் போட்டுக்கொள்ள வேண்டும். இவரோ டர்பைனின் டோன் நன்றாக இருக்கிறது என்று அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிற ஆள். மேல் ஸ்தாயிச் சத்தங்கள் குறைந்துகொண்டு வருகின்றன, மெஷின் வைத்தால் நல்லது என்றார் டாக்டர்.

வெளியே வந்து அண்ணாச்சி என்னிடம் சொன்னார்: "அந்த ஹெட்போன்ல டிரெபிள் போச்சு வே. மாத்தச் சொல்லணும்."

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. புதுக் கிடார் பளிச்சென்று கேட்டால் குற்றம் பழைய கிடார் மேல். இரண்டும் ஒன்று போலவே மங்கிக் கேட்டால் குற்றம் அவர் காது மேல். பாவம், தன் காதைக் காப்பாற்றுவதற்குத்தான் அந்த மனுஷன் ஊரெல்லாம் சாட்சி தேடிக்கொண்டிருந்தார். மதினிக்கு இது எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

அது தொழிற்சங்கத் தேர்தல் முடிந்து சூடு ஆறாத சமயம். அண்ணாச்சிக்கும் தேர்தல் ஆசை வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ரகசிய வாக்கெடுப்பு. வாட்ஸ்அப்பில் அறிவிப்பே போட்டார். ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் நடுவே பெட்ஷீட் கட்டி, அதன் பின்னால் அவர் உட்கார்ந்து வாசிப்பார். முதலில் வாசிப்பதற்குச் சின்னம் பலாப்பழம், அடுத்ததற்கு முந்திரி. ஓட்டுப்பெட்டி, முறுக்கு டின். வாசிப்பதற்கு முன்னால் மதினி பஜ்ஜித் தட்டோடு வரிசையாக வந்தார். பஜ்ஜியைவிடச் சூடாக ஒரு செய்தியும் வந்தது.

"தம்பி, ரெண்டாவது வாசிக்கிறதுதான் புதுசாம். அதுக்கே போட்டுருங்க. அவுக நிம்மதியா ஒறங்கி ரொம்ப நாளாச்சு."

பலா வாசித்தார். முந்திரி வாசித்தார். எங்கள் டிபார்ட்மெண்ட் ஜீப் ஓட்டுகிற செல்வராசு, கம்மாபுரத்துக்காரன், வாசல் பக்கம் நின்றிருந்தவன், நன்றாக உரக்கவே கேட்டான்:

"என்னா சார், ரெண்டும் ஒண்ணாத்தான இருக்குது? அதையே வாசிச்சிகினு இருக்காரே!"

மதினி ஒரு முழு வெங்காய பஜ்ஜியை அவன் வாயில் வைத்து அடைத்தார். பிறகு அவனும் முந்திரிக்கே போட்டான். பலாவுக்கு டெபாசிட் போனது. பண்ருட்டிக்காரர் ஒருவர் மட்டும் பலாவைக் கைவிட மனம் வராமல் இரண்டையும் எழுதிச் செல்லாத ஓட்டாக்கிவிட்டார். அண்ணாச்சி பெட்ஷீட்டை விலக்கி, கைகூப்பிக்கொண்டே வந்தார். யாரோ துண்டைச் சால்வையாகப் போர்த்தினார்கள். "புதுசு எப்படி அண்ணாச்சி, கணீர்னு இருந்துச்சே!" என்று ஆளாளுக்கு அளந்தார்கள். நானும் என் பங்குக்கு அளந்தேன்.

எல்லோரும் போனபிறகு கேட் வரை என்னோடு வந்தார்.

"ஒம்ம லேப்புல ஒரே கரிய ரெண்டு பையில போட்டு, வேற வேற நம்பர் ஒட்டி அனுப்புவாங்கன்னு சொன்னீருல்லா?"

"ஆமா அண்ணாச்சி. ரெண்டு பைக்கும் ஒரே ரிசல்ட் வருதான்னு எங்களையே சோதிக்கிறதுக்கு."

"அதத்தான் நானும் பண்ணுனேன் வே. ரெண்டு தடவையும் வாசிச்சது பழசு."

கேட்டைத் திறக்கப் போன கையை எடுத்துக்கொண்டேன்.

"முதல்ல ஒங்க காது எப்படின்னு பாத்துக்கிட்டு, அப்புறம் நெசப் போட்டி வைக்கலாம்னு நெனச்சேன். செல்லாத ஓட்டு ஒண்ணு போக அத்தனை பேரும் ரெண்டாவதுதான் ஒசத்தின்னு போட்டுட்டீங்க. ரெண்டாவது புதுசுன்னு நான் சொன்னது உங்க மதினிகிட்ட மட்டும்தான். அவ வேலதான்னு அப்பவே புரிஞ்சுபோச்சு."

"அண்ணாச்சி, அது வந்து..."

"விடும் வே. புதுசும் எனக்கு அப்படியேதான் கேக்கு. வாங்கின அன்னைக்கே தெரியும். ஒத்துக்கத்தான் பயமா இருந்துச்சு." கேட்டின் கொண்டியை நீக்கி நீக்கிப் போட்டார். "ஆனாலும் பாரும், இத்தனை பேருல ஒருத்தன்கூட ரெண்டும் ஒண்ணுன்னு வாயத் திறக்கலியே. எனக்காக இவ்வளவு பேரு பொய் சொல்லுதாங்கன்னா, காது போனா போயிட்டுப் போகுது." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

செல்வராசு உரக்கத்தான் சொன்னான். நடுவில் இருந்தது ஒரு பெட்ஷீட் மட்டும். அதை அவரிடம் சொல்லாமல், "சாப்பிட்டுப் படுங்க அண்ணாச்சி" என்றேன்.

அடுத்த வாரம் நானே கூடப்போனேன். காதுக்கு மெஷின் வந்தது. முதல் நாளே, மதினி வெங்காயம் நறுக்குகிற சத்தம் இவ்வளவு கூர்மையா என்று ஆச்சரியப்பட்டு, அடுப்படியிலேயே நின்றாராம். அவர்கள் ஊருக்குக் குடிபோகும்வரை ரிட்டயர்மெண்ட் விழாக்களில் அவர்தான் வாசித்தார். எந்தக் கிடாரைக் கொண்டுவந்தார் என்று நான் கேட்டதில்லை. திரும்ப ஒரு தேர்தல் வைத்தாலும், காதைப் பொத்திக்கொண்டு போய் அவருக்கே கள்ள ஓட்டுப் போட்டுவிட்டு வருவேன்.